காலுக்குக் கீழே ஒரு மலை

சம்பா அறுத்து, தாள் காய்ந்து, வயல் பாளம் பாளமாக வெடிக்கிற மாசி மாதத்தில்தான் அவர்கள் வந்தார்கள். 1974 என்று ஞாபகம். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊருக்குள் ஒரு கார் நுழைந்தாலே பின்னால் பத்துப் பிள்ளைகள் ஓடிய காலம். அன்றைக்கு மூன்று ஜீப்பும் ஒரு லாரியும் சேர்ந்து வந்து குளத்தங்கரைப் புளியமரத்தடியில் நின்றன. 'எண்ணெய்க்காரங்க வந்திருக்காங்க' என்று யாரோ சொல்ல, என் அப்பாயி அடுப்படியிலிருந்து தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. கடலை எண்ணெய் என்ன விலை என்று அது ஜீப்காரரிடம் கேட்டதை எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இன்னும் யாராவது நடித்துக் காட்டுவார்கள்.

வந்தவர்கள் கறுப்பு ஒயரை வரப்போரமாக நீளத்துக்கு இழுத்துக்கொண்டே போனார்கள். இத்தனை தப்படிக்கு ஒன்று என்று கணக்கு வைத்து, மூக்குப்பொடி டப்பா அளவில் ஆணி வைத்த ஒரு சாமானை மண்ணில் அழுத்தினார்கள். காலால் மிதித்து அழுத்த எங்களையும் விட்டார்கள். அதன் பெயர் ஜியோபோன் என்பது கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது. உள்ளே ஒரு காந்தம், வில்லில் தொங்கும் ஒரு கம்பிச்சுருள், அவ்வளவுதான். மண் அசைந்தால் காந்தமும் கூட அசையும், சுருள் கொஞ்சம் தயங்கும், அந்தத் தயக்கத்தில் துளி மின்சாரம் பிறக்கும். சைக்கிள் டைனமோவுக்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கம் தண்ணீரைப் பாய்ச்சித் துளை போட்டு, அதற்குள் வெடியை இறக்கி, சேற்றால் மூடினார்கள். சிவப்புக்கொடி ஏறியது. விசில் ஊதினார்கள். தமிழை அரைகுறையாகக் கற்றிருந்த ஒரு வடக்கத்தி மனிதர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, 'யாரும் நடக்காதே! யாரும் நடக்காதே!' என்று கத்தினார். ஊர் அப்படி நின்று நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. களத்தில் போரடித்துக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். தலையில் கட்டோடு வந்த ஒரு பெண்பிள்ளை வரப்பில் ஒற்றைக்கால் முன்னே வைத்தபடி நின்றது.

தொம்மென்று ஒன்று உள்ளங்காலில் வந்து இடித்தது. காதில் அதற்கப்புறம்தான் கேட்டது. மண் வழியாக வரும் அதிர்வு காற்று வழியாக வரும் சத்தத்தை முந்திவிடும் என்று பிற்பாடு புத்தகத்தில் படித்தபோது, இது எனக்குத் தெரியுமே என்று கால் சொன்னது. துளையிலிருந்து பனைமர உயரத்துக்குச் சேற்றுத்தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நாங்கள் கைதட்டினோம்.

லாரிக்குள் ஒரு தாள் வந்தது. மேலிருந்து கீழே நெளிநெளியாகக் கோடுகள். எட்டிப் பார்த்த என்னிடம் அந்த வடக்கத்தி மனிதர் அதில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டி, விரலைத் தரையை நோக்கி நீட்டி, 'மலை' என்றார். அதை வகுப்பில் சொல்லப்போய், மலை கீழே இருக்குமாடா என்று வாத்தியார் சிரித்தார். வகுப்பே சிரித்தது.

வாத்தியாரைக் குறை சொல்ல முடியாது. கீழத்தஞ்சை முழுக்கத் தேடினாலும் கூழாங்கல் பொறுக்குவதே கஷ்டம். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் மேற்கே இருந்துதான் கல் வர வேண்டும். ஒரு மேடு வேண்டுமென்றால் கோயில் கட்டினால்தான் உண்டு. இந்தத் தட்டை நிலத்தில் மேடு இல்லாமல் தவித்துப்போன ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அவர் கதையைச் சொல்லாமல் கீழே இருக்கிற மலைக்குப் போக முடியாது.

வில்லியம் லாம்டன், 1802இல் சென்னை பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அங்குலம் அங்குலமாக அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளக்கத் தொடங்கியவர். முக்கோணத்தின் ஒரு முனையில் நின்றால் அடுத்த முனை கண்ணுக்குத் தெரிய வேண்டும். மலைநாட்டில் அது சுலபம். தஞ்சாவூரில் தென்னையும் பனையும் மூங்கிலும் மறைக்கும். எனவே அவர் கோபுரங்களில் ஏறினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தன் தியோடலைட்டை ஏற்றப் பார்த்தார். கோணம் அளக்கும் அந்தக் கருவி அரை டன் எடை. பாதியில் கயிறு அறுந்தது. கருவி போய்ச் சுவரில் மோதி, கோணம் குறித்த அதன் பெரிய வட்டம் நெளிந்துவிட்டது. இன்னொருவராக இருந்தால் கடிதம் எழுதிவிட்டு ஊருக்குப் போயிருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தன் கையாலேயே அதைத் தட்டி நிமிர்த்தி, மறுபடியும் வேலைக்குக் கொண்டுவந்தார்.

பெரிய கோயிலில் வழிகாட்டிகள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதைத்தான் சொல்கிறார்கள். விழும். சித்திரை வெயிலில் அந்த நிழலில் நின்று நானே முகம் துடைத்திருக்கிறேன்.

லாம்டன் நிலத்தின் மேல்தோலைத்தான் அளக்க வந்தார். ஆனால் அவர் தொடங்கிய அளவைதான் பூமியின் வயிற்றைப் பற்றி ஒரு நல்ல சந்தேகத்தைக் கிளப்பியது. அந்தச் சந்தேகம் ஒரு தூக்குக்குண்டில் பிறந்தது. கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் அதே நூலும் குண்டும்தான். நேர் கீழ் எது என்று குண்டு சொல்லும், அதை நம்பி நட்சத்திரத்தைப் பார்த்து இடத்தைக் கணக்கிடுவார்கள். லாம்டனுக்குப் பின் வந்த எவரெஸ்ட் காலத்தில், இமயமலைக்குப் பக்கத்தில் உள்ள கலியானா, மத்திய இந்தியாவில் உள்ள கலியான்பூர் ஆகிய இரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை இரண்டு வழியில் அளந்தார்கள். சங்கிலியும் முக்கோணமும் ஒரு கணக்குச் சொன்னது. நட்சத்திரமும் தூக்குக்குண்டும் இன்னொன்று. வித்தியாசம் ஐந்தே கால் விகலை, தரையில் ஏறக்குறைய 160 மீட்டர்.

கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த பிராட், குண்டை இமயமலை தன் பக்கம் இழுக்கிறது என்றார். சரி, எவ்வளவு இழுக்கும் என்று மலையின் எடையைப் போட்டுக் கணக்குப் பார்த்தார். கிட்டத்தட்ட 16 விகலை வந்தது. மலை இழுத்திருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருக்கிறது! அவ்வளவு பெரிய மலைக்குக் கனம் எங்கே போயிற்று? 1855இல் லண்டனிலிருந்து ஏரி என்ற வானியலாளர் ஒரு பதில் சொன்னார். மலை தரைமேல் உட்கார்ந்திருக்கவில்லை, மிதக்கிறது. தண்ணீரில் மிதக்கும் கட்டையைப் போல மலைக்கும் கீழே ஆழமாக ஒரு வேர் இருக்கிறது, அந்த வேர் சுற்றியுள்ள கனமான பாறையைவிட லேசானது, எனவே இழுப்பு குறைகிறது என்றார். பிராட் வேறு விதமாக விளக்கினார். இருவர் சொன்னதிலும் பொதுவான ஒன்று உண்டு. தூக்குக்குண்டு எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தால், தோண்டாமலே அடியில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

இன்றைக்கும் வேறு கிரகங்களுக்கு முதலில் அனுப்புவது இந்தத் தூக்குக்குண்டைத்தான். நூல் மட்டும் இல்லை. ஒரு கலம் செவ்வாயையோ புதனையோ சுற்றும்போது, கனமான இடத்தை நெருங்கினால் துளி வேகம் கூடும், தாண்டினால் குறையும். அது அனுப்பும் ரேடியோ அலையில் அந்த ஏற்ற இறக்கம் தெரியும். 2012இல் கிரெயில் என்ற இரட்டைக் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிலவைச் சுற்றின. தங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மயிரிழையிலும் கீழாக மாறுவதை அளந்து நிலவின் கனப்படத்தை வரைந்தன. புதனின் ஆரம் 2,440 கி.மீ., அதில் சுமார் 2,000 கி.மீ. இரும்பு உள்ளகம் என்று தெரிந்ததும், யாரும் அங்கே கால் வைக்காமல் இப்படித்தான்.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். 1950களின் கடைசியில் காவிரிப் படுகையில் எண்ணெய் தேட வந்தவர்கள் முதலில் கொண்டுவந்தது ஈர்ப்புமானியும் காந்தமானியும். ஈர்ப்புமானியில் ஒரு வில்லும் ஓர் எடையும் உண்டு. அடியில் கனமான பாறை மேலே எழும்பி நின்றால் எடை ஒரு பிசிறு கூடும். லேசான மணலும் களியும் ஆழமாக நிறைந்திருந்தால் ஒரு பிசிறு குறையும். பிசிறு என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, சில பங்கு. அதை ஊர் ஊராக அளந்து வரைபடத்தில் கோடு போட்டார்கள். மேலே பலகை போட்ட மாதிரி கிடக்கும் டெல்டாவுக்கு அடியில் மலையும் பள்ளத்தாக்குமாக ஒரு நாடே எழுந்து வந்தது.

அந்த நாட்டுக்கு நம் ஊர்ப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூர் பள்ளம், தரங்கம்பாடி பள்ளம், நாகப்பட்டினம் பள்ளம், அரியலூர்–புதுச்சேரி பள்ளம். அவற்றுக்கு நடுநடுவே கும்பகோணம் முகடு, காரைக்கால் முகடு. அப்புறம், வாத்தியார் சிரித்த அந்த மலை: பட்டுக்கோட்டை–மன்னார்குடி முகடு. இந்த நிலமும் அண்டார்க்டிகாவும் இலங்கையும் ஒட்டிக் கிடந்து, பதின்மூன்று பதினான்கு கோடி ஆண்டுகளுக்கு முன் பிய்த்துக்கொண்டு விலகத் தொடங்கியபோது, இங்கே தரை நீளநீளமாகப் பிளந்தது. பிளந்த துண்டுகளில் சில இறங்கின, சில நின்றன. இறங்கியவை பள்ளம், நின்றவை முகடு. பிறகு கடல் வந்தது, போனது, ஆறுகள் மண்ணைக் கொட்டின. பள்ளங்களில் 5 கி.மீ.க்கும் மேல் படிவு சேர்ந்து, எல்லாம் மூடி, மேலே காவிரி வண்டலைப் பூசி மெழுகிவிட்டது. அதன்மேல்தான் நாம் நாற்று நடுகிறோம். மலை கிடைக்காமல் கோபுரம் ஏறிக் கயிறு அறுந்துபோன லாம்டனின் காலுக்குக் கீழேயே மலைத்தொடர் புதைந்து கிடந்தது.

ஈர்ப்புமானி மலை இருக்கிறது என்று சொல்லும். எவ்வளவு ஆழத்தில், என்ன வடிவத்தில் என்று சொல்லத் திணறும். அதற்குத்தான் வெடி. கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வர எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணி ஆழம் பார்க்கிற வேலைதான் இதுவும். வெடியின் அதிர்வு கீழே போய், மண் மாறும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் திரும்பி வரும். நனைந்த களியில் அது நொடிக்கு ஒன்றரை, இரண்டு கி.மீ. போகும். அடிப்பாறையில் ஆறு கி.மீ. சராசரி மூன்று என்று வைத்தால், இரண்டு நொடியில் திரும்பிய எதிரொலி மூன்று கி.மீ. ஆழத்திலிருந்து வந்தது. அந்த எதிரொலி உள்ளங்கைத் தட்டலைவிடச் சன்னமாக வரும். மேலே ஒருவர் நடந்தால் போச்சு. 'யாரும் நடக்காதே' என்று அந்த மனிதர் கத்தியது அதற்குத்தான். 1964இல் காரைக்காலில் முதல் ஆழ்துளை இறங்கியது. எண்பதுகளில் நரிமணம் பெயர் பேப்பரில் வந்தது. 1993இல் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையே வந்துவிட்டது.

எதிரொலி கேட்டு உள்ளே பார்க்கும் இந்தக் கலைக்கும் இந்தியாவில் ஒரு பழைய வேர் உண்டு. 1897 ஜூன் 12 அன்று அசாமில் பெரும் பூகம்பம். இந்தியப் புவியியல் அளவைத் துறையிலிருந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம், உலகின் மற்ற மூலைகளில் அந்த அதிர்ச்சியைப் பதிந்த கோடுகளை எடுத்து வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே அதிர்வாக வரவில்லை. முதலில் ஒன்று, கொஞ்சம் கழித்து இன்னொன்று, கடைசியில் மேற்பரப்போடு உருண்டு வருவது என மூன்றாகப் பிரிந்து வந்திருந்தன. 1906இல் அவரே இன்னொன்றையும் சொன்னார். பூமியின் நடுப்பகுதி வழியே போன அலைகள் பிந்தி வருகின்றன, நடுவில் வேறு ஏதோ இருக்கிறது. பூமிக்கு உள்ளகம் உண்டு என்பதற்கு அலைகள் சொன்ன முதல் சாட்சி அது. அசாமில் வீடிழந்தவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை என்பதும் நிஜம்தான்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மழை எவ்வளவு தூரத்தில் என்று நம் வீட்டுத் திண்ணைகளில் சொல்வார்கள். முதல் அலைக்கும் இரண்டாவது அலைக்கும் நடுவே எண்ணினால் பூகம்பம் எவ்வளவு தூரத்தில் என்று தெரியும். இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டுதான் 2018 நவம்பர் 26 அன்று செவ்வாயில் இன்சைட் என்ற கலம் இறங்கியது. எங்கள் வயலில் ஒரே வரிசைக்கு எத்தனையோ டப்பா. அங்கே மொத்தக் கிரகத்துக்கும் ஒரே ஒரு டப்பா. அணுவின் பருமனைவிடச் சிறிய அசைவையும் அது உணரும். இயந்திரக் கை அதை மெல்லத் தரையில் வைத்து, காற்றும் வெயிலும் படாமல் மேலே ஒரு மூடியைக் கவிழ்த்தது. கோழிக்குஞ்சைக் கூடையால் மூடுகிற மாதிரியேதான் அந்தப் படம் இருக்கும்.

கூடவே போன இன்னொரு சாமான் தோற்றது. ஐந்து மீட்டர் வரை தன்னைத்தானே சம்மட்டியடித்து உள்ளே இறங்கி, செவ்வாயின் உள்சூட்டை அளக்க வேண்டிய ஒரு முளை அது. செவ்வாய் மண் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அடிக்க அடிக்க, இறங்குவதற்குப் பதில் இடத்திலேயே துள்ளியது. இரண்டு வருஷம் கையால் அழுத்தியும் தட்டியும் பார்த்து, 2021 ஜனவரியில் கைவிட்டார்கள். மாசியில் காய்ந்த எங்கள் களியில் கடப்பாரையைச் செருகிவிட்டுப் பிடுங்க இரண்டு ஆள் தேடியவன் நான். அந்தப் பிடிப்பில் கால் பங்கு அங்கே இருந்திருந்தால் போதும்.

டப்பா மட்டும் நன்றாக வேலை செய்தது. நான்கு வருஷத்தில் 1,300க்கும் மேற்பட்ட அதிர்வுகள். பெரியது 2022 மே 4 அன்று வந்தது, அளவு 4.7. செவ்வாயில் வெடி வைக்க ஆள் இல்லை. அதையும் வானமே வைத்தது. 2021 டிசம்பர் 24 அன்று ஒரு விண்கல் விழுந்து 150 மீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பறித்தது. மேலே சுற்றும் இன்னொரு கலம் அந்தப் பள்ளத்தைப் படம் பிடிக்க, வெடித்த இடம் துல்லியமாகத் தெரிந்துவிட்டது. இடம் தெரிந்த வெடி கிடைத்தால் மற்றதெல்லாம் கணக்குத்தான். 2021இல் செவ்வாயின் உள்ளகத்துக்கு 1,830 கி.மீ. ஆரம் என்றார்கள். 2023இல், அதைச் சுற்றி உருகிய பாறையாக ஓர் அடுக்கு இருக்கிறது, நாங்கள் அதையும் சேர்த்து எண்ணிவிட்டோம் என்று 1,650க்கும் 1,675க்கும் நடுவே இறக்கினார்கள். தப்பை இரண்டே வருஷத்தில் ஊரறியத் திருத்திக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. சோலார் தகட்டில் தூசி படிந்து படிந்து, 2022 டிசம்பரில் இன்சைட் பேச்சை நிறுத்தியது. துடைக்க ஆளில்லை.

நிலவில் நடந்தது நம் வீட்டுக் கதை. சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். தரையிறக்கத்தை ஒத்திகை பார்க்க நிலவின் மண் வேண்டுமென்று தேடியபோது, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடக்கும் அனார்த்தோசைட் என்ற வெளிர்பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருந்தது. அதை அரைத்துப் பொடியாக்கித் திருப்பதி லட்டுப் பிரசாதம் மாதிரி பெங்களூருக்கு டன் கணக்கில் அனுப்பினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய லேண்டரில் இல்சா என்ற அதிர்வுமானி இருந்தது. சிலிக்கான் சில்லில் செதுக்கிய ஆறு நுண்ணுணரிகள். அது பதிந்த சுமார் 250 அதிர்வுகளில் 200 போல, பிரக்யான் ரோவர் நடந்ததும் பக்கத்துக் கருவிகள் ஓடியதும்தான். மிச்சம் ஐம்பதுக்குக் காரணம் பிடிபடவில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நிலவில் நின்று 'யாரும் நடக்காதே' என்று கத்த அந்த வடக்கத்தி மனிதர் இல்லையே.

போன வருஷம் மாசியில் அதே வயல்காட்டுக்கு மறுபடியும் கருவி வந்தது. என் மச்சினர் போர் போட வேண்டும் என்றார். எங்கள் சின்ன வயதில் இருபது முப்பது அடியில் ஃபில்டர் பாயிண்ட் இறக்கினால் தண்ணீர் கொட்டும். நீரோட்டம் பார்க்கிறவர் வேப்பங்கவையைப் பிடித்துக்கொண்டு நடந்து, கவை வளையும் இடத்தில் குச்சி நடுவார். எங்கே நட்டாலும் தண்ணீர் வந்த காலம், அவருக்கும் நல்ல பெயர். இப்போது ஆழம் போக வேண்டியிருக்கிறது, ஆழம் போனால் சில இடத்தில் உப்பு. எனவே திருச்சியிலிருந்து ஒரு பையனை வரவழைத்தார். ஒரு பெட்டி, நான்கு இரும்புக் கம்பிகள், ஒயர் சுருள். வெளிக்கம்பிகள் இரண்டில் மின்சாரம் விட்டு, உள்கம்பிகள் இரண்டில் என்ன வருகிறது என்று பார்ப்பான். கம்பிகளை அகற்ற அகற்ற ஆழமாகத் தெரியும். களியும் உப்புத்தண்ணீரும் மின்சாரத்தை இலகுவாக விட்டுவிடும், நல்ல தண்ணீர் உள்ள மணல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

கம்பியை அடித்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை, ரோட்டில் போன பைக் ஒன்று நின்றது.

'என்னண்ணே, மீத்தேனா?'

'தண்ணிடா தம்பி. போர் போடப் பாக்குறோம்.'

'தண்ணிக்கு எதுக்குண்ணே இவ்ளோ ஒயரு?'

அவன் நம்பவில்லை. போனில் படம் எடுத்தான். அரை மணி நேரத்தில் வரப்பில் எட்டுப் பேர். இரண்டு பேர் பச்சைத் துண்டு. திருச்சிப் பையன் சட்டைக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்து வெளியே போட்டுக்கொண்டான். பையிலிருந்து கம்பியை எடுப்பதற்கு முன்னாலேயே எங்கேயும் அதைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறதாம், இன்றைக்கு மறந்துவிட்டானாம். மச்சினர் பட்டா நகலைக் கொண்டுவந்து காட்டி, டீ சொல்லி, கூட்டம் கலைந்தபோது மணி பன்னிரண்டு.

1974இல் கைதட்டிய அதே வரப்பு. நடுவில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2010, 2011 வாக்கில் மன்னார்குடி பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டம் வந்தது. ஊர் ஊராகப் போய் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே கண்மூடினார். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் போராட்டம். அதே வருஷம் ஜூன் 30இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து தீப்பிடித்தது, அதைத் தொடர்ந்து மறியலும் கைதும். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்து புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை போட்டது. 2023 ஏப்ரலில் வடசேரி பெயர் மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்புக்குப் பிறகு நீங்கியது. கம்பி நடுகிறவனைப் பார்த்தால் மக்களுக்கு அடுத்து துளை போடுகிறவன் தெரிகிறான். அந்தச் சந்தேகத்தைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். என் நிலத்துக்கு அருகே யாராவது முளைக்குச்சி நட்டால் நானும் பைக்கை நிறுத்துவேன்.

ஆனால் எனக்கு வேறொரு குறை உண்டு. செவ்வாயின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கு ராத்திரி என் போனிலேயே பார்க்கலாம். இன்சைட் பதிந்த ஒவ்வொரு அதிர்வும் பொதுவில் கிடக்கிறது, விருப்பப்பட்டால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இறக்கிக்கொள்ளலாம். என் அப்பா நிலத்தில் வெடி வைத்து வாங்கிய எதிரொலி எங்கே? ஏதோ ஒரு நாடாவில் ஏறி, ஏதோ ஓர் ஊர்க் கட்டடத்துக்குப் போய், ஏதோ ஒரு வரைபடத்தில் கோடாக இருக்கிறது. படுகை முழுவதற்குமான படங்கள் ஆங்கில ஆய்வேடுகளில் வந்திருக்கின்றன. நானே அங்கிருந்துதான் பட்டுக்கோட்டை–மன்னார்குடி முகட்டைத் தெரிந்துகொண்டேன், அதுவும் நாற்பது வயதுக்குமேல். ஆனால் எங்கள் கிராம சபையில் யாரும் ஒரு படத்தை விரித்து, இதோ இதுதான் உங்கள் ஊருக்கு அடியில் இருப்பது, இங்கே மணல், இங்கே பழுப்பு நிலக்கரி, இவ்வளவு ஆழத்தில் பாறை, இந்த அடுக்கிலிருந்துதான் உங்களுக்குத் தண்ணீர் வருகிறது என்று தமிழில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் போராட்டம் குறைந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கூடியிருக்கலாம். ஆனால் போராடுகிறவன் கையிலும் ஒரு படம் இருந்திருக்கும். 'மலை' என்று ஒற்றைச் சொல் சொன்ன அந்த மனிதர் ஒருவர்தான் எங்கள் நிலத்தைப் பற்றி எங்களிடம் ஏதோ சொன்னவர். நான் அதை வகுப்பில் போய்ச் சொல்லி அவமானப்பட்டேன் என்றாலும்.

இந்தப் பொங்கலுக்குப் பேத்தி வந்திருந்தாள். ஒன்பது வயது. நடக்கும்போது அடி எண்ணுவதற்காகப் போனுக்குள் ஒரு சிலிக்கான் சில் இருக்கிறது, சாதி ஒன்றுதான், இல்சாவுக்கு ஏழைச் சொந்தம். அதன் கோட்டைத் திரையில் காட்டும் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தேன். இரண்டு பேரும் வயலுக்குப் போனோம். அறுப்பு இன்னும் முழுக்க முடியவில்லை, தூரத்தில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பில் போனைப் படுக்க வைத்தேன். அவள் பக்கத்தில் நின்று ஓங்கி மிதித்தாள். கோடு ஒரு முழம் எழும்பி, நடுங்கி, அடங்கியது. மறுபடி மிதித்தாள். மறுபடி எழும்பியது.

'இது கீழே எது வரைக்கும் போவுது, தாத்தா?'

அடியில் இருக்கும் மலையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. குனிந்து வரப்பு மண்ணை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். அப்புறம் எழுந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, 'யாரும் நடக்காதீங்க!' என்று கத்தினாள். அதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. எதிரே ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர் என்ன ஏதென்று கேட்காமல் நின்றுவிட்டார். ஆடுகள் நிற்கவில்லை. ஒரு குட்டி போனை முகர்ந்து மூக்கால் தள்ளியதில், கோடு திரைக்கு வெளியே போய்விட்டது.